சுவிட்சுக்கு மேலே ஒட்டிய தாள்

சங்கரன்கோவில்
12 ஆகஸ்ட் 2025

பொன்செல்வி அக்காவுக்கு,

நஸ்ரின் பானு எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு தடவை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருப்பேன். இந்த முகவரியை உங்கள் பழைய கடைக்கு அடுத்த தையல்கடையில் கேட்டு வாங்கினேன்.

போன வாரம் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே உரக்கடை வாசலில் உங்கள் வீட்டுக்காரர் சாம்சன் அண்ணன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஊரிலேயே கைசுத்தமான எலக்ட்ரீஷியன் என்று பெயர் வாங்கிய மனிதர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தும் பாராததுபோல் போயிருக்கலாம். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்? தங்கச்சி கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். தேவலை என்றேன். "அந்த ஹீட்டர நான் அன்னைக்கே அத்துப் போட்டுட்டு வந்திருக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடி லாரிப் பக்கம் போய்விட்டார்.

அக்கா, அவர் சொல்லாத ஒன்றை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முதலிலிருந்து வரவேண்டும்.

எங்கள் வீட்டு ஹீட்டர் பதினொரு வருஷப் பழசு. என் வீட்டுக்காரர் ரியாஸ் சவூதி தம்மாமிலிருந்து முதல் லீவில் வந்தபோது வாங்கி மாட்டியது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அதைத் தின்றுவிட்டது. அண்ணன் ஒருமுறை காயில் மாற்றினார், பிறகு தெர்மோஸ்டாட் மாற்றினார். போன நவம்பர் கடைசியில் மூன்றாவது தடவையாக வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, "காயில் போனா காயில மாத்தலாம் டீச்சர். இது டேங்கே ஒழுகுது. இதுல இனி கைய வைக்கப்படாது, புதுசுதான் மாட்டணும். எர்த்தும் வேலை செய்யல, கரண்ட் கசிஞ்சா குழாய்த் தண்ணியில வரும்" என்றார். ரியாஸிடம் போனில் கேட்டேன். பாடி நல்ல பாடி, காயிலை மட்டும் மாற்றச் சொல், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் வர இருபது நாள் இருந்தது. நான் அண்ணனைக் கெஞ்சினேன். அரைமனதாகக் காயில் மாற்றினார். போகும்போது, 'சுவிட்சை அணைத்த பிறகே குளிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, குளியலறைக்கு வெளியே சுவிட்சுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார். வீட்டில் எல்லோரிடமும் சொல்லச் சொன்னார்.

ரியாஸ் வருவதற்கு முதல் நாள், வீட்டை ஒதுங்க வைக்கும்போது, அந்தத் தாளை நான்தான் கிழித்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். பசைத் தடத்தைக்கூடத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். நானே ஹீட்டரைப் போட்டு, நானே அணைத்து, தண்ணீர் ரெடி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படித்தான் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். அவர் தங்கை ருக்ஸானா நவம்பரிலிருந்து கடையநல்லூரில் பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டு ரியாஸ் வந்த அன்றுதான் திரும்பியிருந்தாள், தாளைப் பார்த்ததில்லை. அவளாகவே சுவிட்சைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள். குழாயைத் தொட்டதும் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது.

மறுநாள் ரியாஸ், தாள் ஒட்டினேன் என்று சொன்ன அண்ணனைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, "எங்க ஒட்டின? காட்டு" என்றபோது, அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவே வாசலில் நின்றது.

இதை எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. பதில் எழுதினால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுங்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நஸ்ரின் பானு


இளையரசனேந்தல்
21 ஆகஸ்ட் 2025

நஸ்ரின் டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு தடவை படித்தேன். வீட்டு முகவரி கொடுக்கவே தைரியம் இல்லாதவர் எதற்காக எழுதினீர்கள் என்று யோசித்தேன்.

எங்களுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து வந்தவர் நேராகக் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. சர்ச் லைட் வேலை பாதியில் நின்றது. நான் போய்க் கூப்பிட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான். "பொன்னு, நான் அந்தத் தாள ஒட்டினேனா, இல்ல ஒட்டணும்னு நெனச்சதோட வந்துட்டேனா?"

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, டீச்சர். அவர் ஒட்டிய தாளைப் பற்றி அவருக்கே சந்தேகம். ஒட்டினீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் பார்க்கவில்லையே.

பிறகு யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் திரும்பி வந்து, மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஃபேன் மாட்டின வீட்டுக்கு மூன்று தடவை போவார். அந்த ஜனங்கள் சிரித்தார்கள். ஏற்கெனவே ஹீட்டரில் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று பேச்சு. பிப்ரவரியில் ஒருநாள் ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டைத் தொடப் பயந்து, டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதோடு கடையைக் காலி செய்துவிட்டு என் அம்மா ஊருக்கு வந்துவிட்டோம். மானாவாரிக் காடு. மழை பெய்தால் உளுந்து விதைப்போம். மற்ற நாளில் மூட்டை தூக்குகிறார். இங்கே பக்கத்து வீட்டில் பல்பு போனால்கூட, எனக்கு அந்த வேலை தெரியாது என்று சொல்லிவிடுகிறார்.

அந்தத் தாளை நீங்கள் கிழித்ததைவிட, அவர் உங்களைப் பார்த்தபோது நீங்கள் தரையைப் பார்த்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு தலையாட்டல் போதும் அவருக்கு.

கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறார். கிளற வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நீங்கள் மனசு இறங்குவதற்காக எனக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை. எங்கே வாயை மூடினீர்களோ அங்கே போய்த் திறங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
3 செப்டம்பர் 2025

அக்கா,

அண்ணனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது என்று படித்தபோது வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரியாஸிடம் சொல்ல மூன்று முறை ஆரம்பித்தேன். ஒருமுறை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை ருக்ஸானா கூடவே இருந்தாள். இன்னொரு முறை எந்தத் தடையும் இல்லை. அவரே, "என்ன, எதுவும் சொல்லணுமா?" என்றார். பால் வாங்க வேண்டும் என்றேன்.

அவர் தம்மாமுக்குத் திரும்பிப் போகவில்லை. தங்கைக்காக இங்கேயே பஜாரில் ஒரு பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மாமாவும் மாமியும் மௌத்தான பிறகு ருக்ஸானாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஆரி ஒர்க் எம்பிராய்டரியில் கெட்டிக்காரி. கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்குத் தென்காசியிலிருந்துகூட ஆள் வரும். விழுந்து முறிந்த வலது மணிக்கட்டில் இப்போது பிளேட் இருக்கிறது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி இல்லை. ஊசி விழுந்தால் அவளுக்குத் தெரிவதில்லை, சத்தம் கேட்டால்தான் உண்டு. தினமும் நான்தான் அந்த விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். "மைனி கை பட்டாத்தான் இதமா இருக்கு" என்பாள்.

பழைய ஹீட்டர் மொட்டை மாடியில் கிடக்கிறது. புதிது வாங்கவில்லை. அண்டாவில் கொதிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது அக்கா. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இது உங்களைக் குற்றம் சொல்ல அல்ல. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, ரியாஸ் ஜும்மா தொழுகைக்குப் போனபின் நான் குழாயைத் திறந்தேன். கையில் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உடனே உங்கள் கடை நம்பருக்குப் போன் செய்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். சாயங்காலம் அண்ணனை அனுப்புகிறேன் என்றீர்கள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நானும் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டில் சொன்னால் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்குச் சுவர் பக்கத்தில் நின்றபோது என் மனசுக்குள் ஓடியது இதுதான். நான் தாளைக் கிழித்தேன், இவரும் கூப்பிட்டும் வரவில்லையே, தப்பு இரண்டு பக்கமும்தானே என்று. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் இருந்தேன். அவர் ஏன் வரவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும்.

நஸ்ரின்


இளையரசனேந்தல்
9 அக்டோபர் 2025

நஸ்ரின் டீச்சருக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் கோபத்தில் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை.

அவர் வராததற்குக் காரணம், அவருக்கு நீங்கள் கூப்பிட்டதே தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். குருவிகுளத்திலிருந்து வந்தவர்கள் சீரியல் லைட் செட் எரியவில்லை என்று மேஜை மேல் கொட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் பேசியது ஞாபகம் இருக்கிறது. "அவசரம் இல்ல அக்கா, முடிஞ்சா இன்னைக்கு வரச் சொல்லுங்க" என்றீர்கள். கரண்ட் அடிக்கிறது என்றும் சொன்னீர்கள். நன்றாகக் கேட்டேன். எழுதி வைக்க பேனாவைத் தேடினேன். அதற்குள் ஒருவர் நட்சத்திரத்துக்குள் போடுகிற பல்பு கேட்டார். பல்பை எடுக்கப் போனேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது என் நினைவிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் ஆள் வந்து அவரை வெளியே கூப்பிட்டபோதுதான், பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எனக்கு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்தவர், தாளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. "அந்த வீட்டுலருந்து இடையில யாரும் கூப்பிட்டாங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. ஒரு நாள் போனால் சொல்லலாம் என்று நினைத்தேன். நாள் போகப்போக அது பெரிதாகிக்கொண்டே போனது.

உங்கள் முதல் கடிதத்தை அவரிடம் காட்டாததற்கு, தூக்கம் கெடும் என்று காரணம் எழுதினேன். அது பொய். அதைக் காட்டினால் அவர் உங்களைப் பார்க்க வருவார். இரண்டு பேரும் பேசினால் இந்தப் போன் விஷயம் வந்துவிடும். ஒட்டினேனா இல்லையா என்று அந்த மனிதர் தவித்துக்கொண்டிருக்க, அதற்குப் பதிலை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு அவருக்குச் சோறு போட்டேன். உங்களைப் போய்த் தலையாட்டவில்லை என்று திட்டினேன்.

எனக்குத் தெரியவில்லை, இதை எப்படிச் சொல்வது என்று. நீங்கள் முதலில் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
24 அக்டோபர் 2025

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வாங்கி, வீட்டுக்கு வரும் வழியில் படித்தேன். நான் இத்தனை மாதம் பிடித்துக்கொண்டிருந்த அந்த நினைப்பு அங்கேயே போய்விட்டது. அண்ணன் மேல் சொல்ல ஒன்றுமே மிச்சம் இல்லை. வீட்டுக்குப் போனதும் பையைக்கூட வைக்கவில்லை. ரியாஸ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ருக்ஸானா கூடத்தில் இருந்தாள். இரண்டு பேரும் இருக்கும்போதே சொன்னேன். தாள், எண்ணெய் போட்டுத் துடைத்தது, வெள்ளிக்கிழமை கையில் சுருக்கென்றது, எல்லாம். உங்கள் பேரைச் சொல்லவில்லை. கடைக்குப் போன் செய்தேன், அண்ணனுக்குச் சேதி போய்ச் சேரவில்லை என்று மட்டும் சொன்னேன். மீதி நீங்கள் சொல்ல வேண்டியது.

ரியாஸ் கத்துவார் என்று பயந்திருந்தேன். கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "மாத்தணும்னு அவரு சொல்லுதாருன்னு நீ எங்கிட்ட போன்ல சொன்ன. நாந்தான் வேண்டாம்னேன். அப்புறம் அந்த மனுஷன் சட்டையப் பிடிச்சேன்" என்றார். எனக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இப்போது தேவைக்கு மட்டும் பேசுகிறார். தட்டை அவரே எடுத்து வைத்துக்கொள்கிறார்.

ருக்ஸானாதான். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தெனமும் எண்ணெய் தேய்ச்சுவிட்டீங்களே மைனி, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானா?"

ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கடையநல்லூருக்கு அவள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ரியாஸ் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். எப்போது வருவாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். எண்ணெய் பாட்டிலை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

ரியாஸ் இளையரசனேந்தலுக்கு வந்து அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் பொறுங்கள் என்று அவரைத் தடுத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தடுக்க முடியும் என்று தெரியாது. உங்களை அவசரப்படுத்தவில்லை அக்கா. ஆனால் ஒன்று சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் இருந்த பயம் சொன்ன பிறகு இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது, அது பயத்தைவிடக் கனமானது. ஆனாலும் நிமிர்ந்து நடக்க முடிகிறது.

இனி வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

நஸ்ரின்


இளையரசனேந்தல்
6 நவம்பர் 2025

நஸ்ரின்,

டீச்சர் என்று எழுத வரவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த பிறகு, உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லை, நீயே வாசி என்றார். முதல் கடிதத்தை வாசித்தேன். தாளைக் கிழித்தது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அப்ப ஒட்டியிருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "ஒட்டியிருக்கேன், பாத்தியா" என்றார். முகம் அப்படி இருந்தது, நஸ்ரின். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நிறுத்தவில்லை. மூன்றாவதையும் வாசித்தேன். வெள்ளிக்கிழமை போன் செய்த இடம் வந்ததும் அந்த வரியில் விரலை வைத்து நீட்டினேன். அவரே கடிதத்தை வாங்கித் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கேட்டேனே" என்றார்.

கேட்டீர்கள் என்றேன்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் கோபத்தில் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "நான் பைத்தியக்காரன் மாதிரி எனக்கு நானே பேசிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டே சோறு போட்டுட்டு இருந்திருக்க." சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாள் என் கையால் சாப்பிடவில்லை. என் அம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டார். அம்மாவுக்குக் காரணம் தெரியாது, நான் என்னவோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று என்னை ஏசினாள். ஏசட்டும் என்று இருந்தேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர் கோபமாக இருந்த அந்த நான்கு நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு முன்னால் அவர் சிரித்தால்கூட எனக்குப் பயமாக இருக்கும்.

ஐந்தாம் நாள் கட்டிலுக்கு அடியில் இருந்து டூல்ஸ் பையை இழுத்தார். ஸ்குரூடிரைவர் எல்லாம் துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ரியாஸ் இங்க வரவேண்டாம்னு எழுது. நான் போறேன்" என்றார். மன்னித்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் வைத்த தண்ணீரைக் குடித்தார்.

அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் வருவார்.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
24 நவம்பர் 2025

அக்கா,

அண்ணன் போன செவ்வாய்க்கிழமை வந்தார். வீட்டுக்கு நேராக வராமல் தெருமுனையில் நின்று ரியாஸுக்குப் போன் செய்தார். ரியாஸ் செருப்புப் போடாமல் ஓடினார். இரண்டு பேரும் அங்கேயே, தையல்கடைக்கு முன்னால், ஆட்கள் பார்க்கப் பேசினார்கள். நான் வாசலில் நின்றேன். ரியாஸ் குரல் எனக்குக் கேட்டது. "தாள் ஒட்டினது நெசம் அண்ணாச்சி. எங்க வீட்டுலதான் கிழிச்சோம். நான் தெரியாம உங்களப் பேசிட்டேன்." எல்லோருக்கும் கேட்கும்படித்தான் சொன்னார். எங்க வீட்டில் என்று சொன்னாரே தவிர என் பெயரைச் சொல்லவில்லை. அதனால் நான் தெருவில் இறங்கிப் போய், நான்தான் கிழித்தேன் என்று அண்ணனிடம் சொன்னேன். தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணன், "சரி டீச்சர், விடுங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

பிறகு மாடிக்குப் போய்ப் பழைய ஹீட்டரை இறக்கச் சொன்னார். திறந்து காட்டினார். உள்ளே காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக உப்பு. டேங்கின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு அரித்திருந்தது. ரியாஸ் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

புதிது உடனே வாங்கலாம் என்றார் ரியாஸ். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் எர்த், பிறகு கரண்ட் கசிந்தால் தானே விழுகிற டிரிப்பர், அதற்குப் பிறகுதான் ஹீட்டர் என்றார். பின்பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் இறக்கினார்கள். மூன்று நாள் வேலை. புது ஹீட்டர் மாட்டும்போது ஒவ்வொரு ஸ்குரூவையும் இரண்டு தடவை முடுக்கினார். ரியாஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்த பிறகு அண்ணன் டிரிப்பரை வேண்டுமென்றே ஏழெட்டுத் தடவை விழவைத்துப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனவர், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை அக்கா.

குளியலறையில் வெந்நீர் வருகிறது. நான் இன்னும் அதில் குளிக்கவில்லை. ருக்ஸானா வரட்டும் என்று இருக்கிறேன். அவள் என் போனை எடுப்பதில்லை. ரியாஸிடம் பேசுகிறாள். நான் கடையநல்லூருக்குப் போகலாம் என்றால், வேண்டாம், அவளை நெருக்காதே என்கிறார்.

நீங்கள் ஒருநாள் வீட்டுக்கு வர வேண்டும்.

நஸ்ரின்


இளையரசனேந்தல்
8 டிசம்பர் 2025

நஸ்ரின்,

உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நான் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. உங்களிடம் கேட்காமல் போய்விட்டு வந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை கடையநல்லூர் போனேன். முகவரியைத் தம்பி ரியாஸிடம் இவர் வாங்கிக் கொடுத்தார். ருக்ஸானாதான் கதவைத் திறந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னேன். உள்ளே வரச் சொல்லிப் பாயை விரித்தாள், இடது கையால்.

விபத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை போனை எடுத்தது நான்தான், சொல்ல மறந்ததும் நான்தான், பிறகு யாருமே கூப்பிடவில்லை என்று பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழவில்லை. அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். மடியில் ஒரு துணி இருந்தது. இடது கையால் ஆரி ஊசி பிடித்துப் பழகுகிறாள். கோடு கோணலாகத்தான் போகிறது. பிரித்துப் பிரித்துப் போட்டதில் துணி நூல் நூலாகக் கிடந்தது.

கடைசியில் அவள் சொன்னது இது. நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "மைனியும் நீங்களும் தப்பு எங்களோடதுன்னு சொல்லுதீங்க. சரி. நான் சொல்லுதது ஒண்ணுதான் அக்கா. ரெண்டு பேருல யாரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் சுவிட்ச அணைச்சிருப்பேன். எனக்கு அதுக்கு மேல எதுவும் தேவப்படல."

இதை நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

கிளம்பும்போது புது ஹீட்டர் மாட்டியதைச் சொன்னேன். ரியாஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றாள். எர்த் போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு, நானே கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றேன். நீங்கள் வந்து அவளைக் கூட்டிப்போக நினைப்பதையும் சொன்னேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரவேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு வரணும்னு தோணும்போது நானே வாரேன். பஸ் எனக்குத் தெரியும்" என்றாள்.

வாசல் வரைக்கும் வந்து நின்றாள். நான் தெரு திரும்புகிற வரைக்கும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை.

பொன்செல்வி